பின்வண்டி

ஜூன் 24, கிருஷ்ணகிரி

வேலூரிலிருந்து இங்கே வரும் வரை பின்வண்டியில் நான்தான். மூக்கைச் சிந்தினால் இரண்டு மாவட்டத்து மண்ணும் டீசல் கரியும் வருகிறது.

எங்களுக்கு வீடும் வாகனமும் ஒன்றே. பழைய தனியார் பேருந்து ஒன்றை வாங்கி, சீட்டுகளைக் கழற்றிவிட்டு, படுக்கை, அடுப்பு, தண்ணீர் டிரம், மாதா படம் எல்லாம் வைத்திருக்கிறோம். பேருந்தின் பின்புறம் இரும்புத் தாங்கி அடித்து மூன்று மோட்டார் சைக்கிள்களைத் தூக்கிக் கட்டியிருக்கிறது. அதற்கும் பின்னால் நீளமான இழுவைக் கம்பி. கம்பியின் முனையில் கனமான ஆணி மாதிரி ஓர் இரும்புப் ‘பின்’ செருகி மாட்டிய மாருதி கார். மரணக் கிணற்றில் மரச்சுவரில் ஏறிச் சுற்றிச் சுற்றி ஓடுகிற வண்டிகள் ரோட்டில் மட்டும் கட்டிய மாடு மாதிரி பின்னால் வரும். கிணற்றின் பலகைகள் தனி லாரியில் முன்னாலேயே போய்விடும். ஊர் ஊராக, திருவிழா திருவிழாவாக, இதுதான் பிழைப்பு.

காரைச் சும்மா இழுத்துக்கொண்டு போக முடியாது. உள்ளே ஓர் ஆள் உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொள்ள வேண்டும், பேருந்து பிரேக் போட்டால் தானும் போட வேண்டும். பேருந்து இரண்டு முறை ஹாரன் அடித்தால் கார் ஒரு முறை பதில் அடிக்க வேண்டும். தப்பு செய்தவர்தான் அடுத்த ஊர் வரை பின்வண்டியில் வர வேண்டும் என்பது என் மாமனார் காலத்துச் சட்டம். அவர் இருந்தபோது எல்லோருக்கும் முறை வந்தது, ஒருமுறை அவரே தனக்குத் தண்டனை கொடுத்துக்கொண்டு உட்கார்ந்தாராம். என் வீட்டுக்காரர் சேவியர் முதலாளியான பிறகு தப்பு செய்கிறவள் நான் ஒருத்திதான்.

இந்த முறை என்ன தப்பென்றால், நான் சுவரில் பைக் ஓட்டும்போது வேலூரில் ஒருவன் விசிலடித்தான், நான் சிரித்துவிட்டேன். அதற்கு என் தலையை அடுப்பு மேடையில் இடித்தார். நெற்றியில் ஒரு நெல்லிக்காய் முளைத்திருக்கிறது.

இழுவைக் கம்பியின் பின்னில் முன்பு ஒரு கயிறு கட்டியிருந்தது. பேருந்து கவிழ்ந்தால் பின்வண்டிக்காரராவது பிழைக்கட்டும் என்று மாமனார் கட்டியது. ஜன்னல் வழியாக இழுத்தால் பின் கழன்று கார் தனியாகிவிடும். போன வருடம் கலீல் என்றொரு ரைடர் விழுப்புரத்துக்குப் பக்கத்தில் கயிற்றை இழுத்துக் காரைக் கழற்றி, அங்கேயே விட்டுவிட்டு நடந்தே போய்விட்டார். அதற்குப் பிறகு என் வீட்டுக்காரர் கயிற்றை அறுத்துப் போட்டார். கயிறு வேண்டும் முதலாளி, அது பெரியவர் கட்டினது என்று இசக்கிராஜ் சொன்னதற்குத்தான் போன வாரம் அவருடைய இடது கையைப் பலகைக் கட்டையால் அடித்து உடைத்தார். இசக்கிராஜ் எங்களோடு பதினைந்து வருடமாக இருக்கிற ரைடர். கைக்கட்டோடு இப்போது டிக்கெட் கிழிக்கிறார்.

நானும் என் நாத்தனார் ரெஜினாவும் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் கரூர் பேருந்து நிலையம் வரை ஓடினோம். வண்டி கிளம்புவதற்குள் பிடித்துவிட்டார். என் சுண்டுவிரல் கோணலானது அன்றுதான். அதிலிருந்து எங்கள் இரண்டு பேரையும் ஒரே வண்டியில் விடுவதில்லை. ஒருத்தி பின்னால் என்றால் இன்னொருத்தி முன்னால். ரெஜினாவுக்குப் பத்தொன்பது வயது. இவருடைய சொந்தத் தங்கச்சி என்று யாராவது சொன்னால்தான் தெரியும்.

ஜூன் 25

நேற்றைய பக்கத்தைப் படித்துவிட்டார். கிழித்துச் சுருட்டி என் வாயில் திணித்து, மென்று விழுங்கும் வரை தாடையைப் பிடித்துக்கொண்டிருந்தார். விழுங்கினேன். மை கசக்கும் என்பது இன்றுதான் தெரிந்தது.

பக்கம் வயிற்றுக்குள் போனாலும் எனக்கு ஒரு வார்த்தை மறக்கவில்லை. இந்த வேறு நோட்டில் திரும்ப எழுதிவிட்டேன், இன்றைய பக்கத்தோடு இசக்கிராஜிடம் கொடுத்துவிடுவேன். அவர் கையில் சிக்கிய நோட்டில் இனி வீட்டு வேலை மட்டும் எழுதுவேன். படிக்கிறவர் நன்றாகப் படித்துக்கொள்ளட்டும்.

ஜூன் 28

துணி துவைத்தேன். மத்தி மீன் குழம்பு.

சேலம் ஆடித் திருவிழாவுக்குப் போஸ்டர் அச்சாகி வந்தது. ‘கண்ணைக் கட்டிக்கொண்டு கன்னிப்பெண் ரெஜினா’ என்று சிவப்பு எழுத்தில் போட்டிருக்கிறது. பைக்கில் கைவிட்டு நின்றபடி, கறுப்புத் துணியால் கண்ணைக் கட்டிக்கொண்டு சுவரில் ஓட்ட வேண்டும். காலையில் பழகினாள். இரண்டு முறை விழுந்தாள். தோள்பட்டை வீங்கி, கை ஜாக்கெட்டுக்குள் நுழையவில்லை. மூன்றாவது முறைக்கு ஏறமாட்டேன் என்றவளை அவர் பெல்ட்டால் ஏற்றினார். நல்ல பயிற்சியாளர்.

சேலம் வரைக்கும் அவள் உயிரோடு இருப்பாள். சேலத்தில் என்ன ஆகும் என்று மாதாவுக்குத்தான் தெரியும்.

ஜூன் 30

கொடி கட்ட நீல நைலான் கயிறு வாங்கினேன். துணி காயப்போட்டது போக மீதி இருந்தது. காரைக் கழற்றும்போது இழுவைக் கம்பி தரையில் விழுந்து ஊரைக் கூட்டுகிறது, அதனால் அந்த மீதிக் கயிற்றால் கம்பியைப் பைக் தாங்கியோடு தூக்கிக் கட்டினேன். இனி கார் கழன்றாலும் கம்பி அந்தரத்தில் நிற்கும். சத்தமில்லை. அவரே பார்த்துவிட்டு நல்ல யோசனை என்றார். ஏழு வருடத்தில் எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு.

என் ஜெபமாலை அறுந்துவிட்டது. தூண்டில் நரம்பு வாங்கிக் கோத்தேன். கண்ணுக்கே தெரியாத நரம்பு, ஆனால் சுறாவையே இழுக்குமாம். அதிலும் நிறைய மீதி இருக்கிறது.

ஜூலை 2

ஒன்றுமில்லை. உதடு வீக்கம். கஞ்சி.

ஜூலை 5

ரெஜினா காரும் பழகட்டும் என்று அவரே சொன்னார். கடைசி ஆட்டத்தில் கார்தான் முத்தாய்ப்பு. சுவரிலிருந்து இறங்கி நேராகக் கிணற்றின் நடுவுக்கு வர வேண்டும். அங்கே அவர் இரண்டு கையையும் விரித்து நிற்பார். கார் அவருடைய முழங்காலுக்கு ஒரு சாண் முன்னால் நிற்க வேண்டும். ஜனம் மூச்சை அடக்கிக்கொண்டு பார்க்கும், அப்புறம் கூரை பிய்ந்து போகிற மாதிரி கைதட்டும்.

ரெஜினா ஒவ்வொரு தடவையும் சரியாக ஒரு சாணில் நிறுத்துகிறாள். பைக்கில் நடுங்குகிற பெண் காரில் கல் மாதிரி இருக்கிறாள். கிணற்றில் எப்போதும் இடப்பக்கமே சுற்று என்பதால் வலப்பக்கம் திருப்ப அவளுக்கு வரவில்லை. திடலைச் சுற்றி நான் கற்றுக்கொடுத்தேன். காருக்கு சைலன்ஸர் கிடையாது, ஆட்டத்துக்கு அந்தச் சத்தம்தானே கவர்ச்சி. மாம்பழக் கண்காட்சி பார்க்க வந்தவர்களெல்லாம் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

ஜூலை 8

பஜ்ஜிக் கடை அக்காவின் போனிலிருந்து அமலிக்குப் பேசினேன். என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவள், தருமபுரி ஆஸ்பத்திரியில் நர்ஸ். நலம் விசாரித்தேன். வீட்டில் எல்லோரும் சௌக்கியம்.

இழுவைக் கம்பியின் பின்னுக்கு கிரீஸ் போட்டேன். வழுக்கிக்கொண்டு போகிறது. துரு பிடித்தால் யார் பதில் சொல்வது?

ஜூலை 11

காரின் ஹாரன் அடிக்கவில்லை. என்ன கோளாறோ. சேலம் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்றார். ஹாரனில் பதில் கேட்க முடியாது, பைக்குகள் மறைப்பதால் கண்ணாடியிலும் கார் தெரியாது. அதனால் வழியில் அங்கங்கே நிறுத்தி இறங்கிப் பார்ப்பாராம். பாவம், எவ்வளவு சிரமம்.

ஜூலை 13

கிருஷ்ணகிரியில் கடைசி ஆட்டம். இன்று இரண்டு பேரும் தப்பு செய்தோம்.

ரெஜினா ஓடுகிற பைக்கிலிருந்து கறுப்புத் துணியை அவிழ்த்துக் கூட்டத்தின் மேல் எறிந்தாள். நான் அவருடைய வஞ்சிரக் குழம்பில் உப்பை இரண்டு தடவை போட்டேன். எனக்கு மறதி அதிகமாகிவிட்டது.

அவளுக்குப் பெல்ட். எனக்குக் குழம்புச் சட்டி, சூட்டோடு. முழங்கையிலிருந்து விரல் வரை தோல் வழண்டுவிட்டது. தப்பு செய்தவர்கள் பின்வண்டியில் வர வேண்டும், இரண்டு பேரும் செய்திருக்கிறோம், அதனால் இரண்டு பேரையும் பின்வண்டியில் போடுங்கள், சட்டம் சட்டம்தானே என்றேன். அவர் என் முகத்தை நிமிர்த்திப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

“அவ பின்னால வரட்டும். நீ எம் பக்கத்துல உக்காரு” என்றார்.

உப்பு வீணாகிப் போனது.

ஜூலை 14, காலை

காருக்கு பிரேக் ஆயில் ஊற்றி, பிரேக்கை இறுக்கிச் சரிபார்த்தேன். கால் பட்டாலே நிற்கிறது. ரெஜினாவுக்குத் தண்ணீர் பாட்டில் கொடுத்துவிட்டு வந்தேன். கிளம்புகிறோம்.

ஜூலை 15, தருமபுரி ஆஸ்பத்திரி

வலது கை எலும்பு முறிவு, விலாவில் இரண்டு. இடது கையால் எழுதுகிறேன், கோழி கிளறிய மாதிரி இருக்கும்.

சப் இன்ஸ்பெக்டர் நான் எழுதுவதைப் பார்த்து இது என்னம்மா என்றார். வீட்டுக் கணக்கு என்றேன். ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஆமாம், நரம்பைப் பின்னில் கட்டியது நான்தான். பானெட்டின் மேல் ஓட்டி ஜன்னலுக்குள் விட்டிருந்தேன். இரண்டு பேரும் சேர்ந்து தப்பிக்கத்தான் கட்டினேன், அது நடக்கவில்லை. தண்ணீர் பாட்டிலைக் கொடுக்கும்போது ரெஜினாவிடம் சொன்னேன்: தருமபுரிக்கு முன்னால் வேகத்தடை வரும், பேருந்து பிரேக் போட்டதும் பின்னில் இழுப்பு குறையும், அப்போது நரம்பை இழு. பேருந்து கண்ணுக்கு மறைகிற வரை இஞ்சினைப் போடாதே, சத்தம் காட்டிக்கொடுக்கும். பிறகு அமலி வீட்டுக்குப் போய்விடு, திரும்பிப் பார்க்காதே. அவள் அழவில்லை. அப்போ நீங்க மைனி என்று மட்டும் கேட்டாள். நான் பாட்டிலை அவள் மடியில் வைத்துவிட்டு வந்தேன்.

வேகத்தடை வந்தது. பேருந்து ஏறி இறங்கியது. பின்னால் ஒரு சின்ன உதறல், அவ்வளவுதான். அவருக்குத் தெரியவில்லை, எனக்கு மட்டும் உடம்பெல்லாம் தெரிந்தது.

இனி அவர் பேருந்தை நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் இறங்கிப் பார்ப்பார், பார்த்தால் திருப்புவார். ரெஜினா தருமபுரிக்குள் போய்ச் சேரும் வரை இவரை ஓட வைக்க வேண்டும். ஏழு வருடம் குடும்பம் நடத்தியதில் எனக்கு ஒரு விஷயம் நிச்சயமாகத் தெரியும். கோபம் வந்துவிட்டால் இவருக்கு வேறு எதுவும் ஞாபகம் இருக்காது.

எனவே பேச ஆரம்பித்தேன். உங்கப்பா ஓட்டினது ஆட்டம், நீங்க ஓட்டுறது பிச்சை என்றேன். இடது கையால் வாயில் அறைந்தார். கூட்டம் வருவது என்னைப் பார்க்க, உங்களைப் பார்க்க இல்லை என்றேன். தலைமயிரைப் பிடித்துக் கண்ணாடியில் மோதினார். ஒரு கையில் ஸ்டியரிங், ஒரு கையில் நான். தொப்பூர் இறக்கம் வந்தது. லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு விலகின. பின்னால் படுக்கையில் இருந்த இசக்கிராஜ் முதலாளி ரோட்டப் பாருங்க என்று கத்தினார். இறக்கத்தில் பின்னால் காரின் பாரம் இல்லாதது அவருக்குத் தெரிந்துவிடக் கூடாது, அதனால் நான் வாயை மூடவில்லை. மனதில் ஏழு வருடமாகக் கிடந்த அத்தனையையும் சொன்னேன். கலீல் கயிற்றை இழுத்த அன்று மனசுக்குள் கைதட்டினேன் என்பதைக்கூடச் சொன்னேன். பயமாகத்தான் இருந்தது. பயத்தைவிடச் சந்தோஷம் அதிகமாக இருந்தது, அதையும் எழுதிவிடுகிறேன்.

மலை இறங்கியதும் ஒரு டீக்கடை முன்னால் நிறுத்தினார். என்னைச் சாவகாசமாக அடிக்கத்தான் நிறுத்தினார். இழுத்துக்கொண்டு பின்பக்கம் போனார், ரெஜினாவும் பார்க்கட்டும் என்று. அங்கே கார் இல்லை. இழுவைக் கம்பி மட்டும் நீலக் கொடிக்கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் முடிச்சைத் தொட்டுப் பார்த்தார். அவர் பாராட்டிய முடிச்சு.

ஜாக்கி ராடை எடுத்தார். முதல் அடி கையில். இரண்டாவது விலாவில். மூன்றாவது தலைக்கு வந்தது, இசக்கிராஜ் தன் கைக்கட்டை நடுவில் நீட்டினார். மாவுக்கட்டு உடைந்து தெறித்தது. டீக்கடையிலிருந்தவர்கள் எழுந்தார்கள். ராடைச் சுழற்றிக்கொண்டு, இது எம் பொண்டாட்டி, எவனாவது வந்தா மண்டையப் பொளந்திருவேன் என்றார். நின்றுவிட்டார்கள்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. சைலன்ஸர் இல்லாத கார் தமிழ்நாட்டில் எத்தனை இருக்கிறதோ தெரியாது, எங்கள் காரின் சத்தம் எனக்கு வயிற்றுக்குள் கேட்கும். ரெஜினா தருமபுரியில் திரும்பவில்லை. அவ்வளவு தூரமும் எங்களுக்குப் பின்னாலேயே வந்திருக்கிறாள்.

அவர் காரைப் பார்த்தார். ராடைக் கீழே போட்டார். தொங்குகிற கம்பிக்கு முன்னால் போய் நின்று இரண்டு கையையும் விரித்தார். கிணற்றின் நடுவில் நிற்பாரே, அதே மாதிரி. முகத்தில் சிரிப்புகூட இருந்தது.

“நிறுத்துடி” என்றார்.

கார் நிற்கவில்லை. கம்பிக்கும் காருக்கும் நடுவில் அவருடைய இரண்டு காலும். அந்தச் சத்தத்தை எழுத என்னால் முடியாது.

பிரேக் பிடிக்கவில்லை.

ரெஜினா இறங்கி வந்து என்னைத் தூக்கினாள். உன்னைப் போகத்தானே சொன்னேன் என்றேன்.

“அண்ணன் எங்கயாச்சும் நிறுத்துவாருன்னு தெரியும் மைனி. நிறுத்துனா உங்கள என்ன செய்வாருன்னும் தெரியும்” என்றாள்.

சேவியர் ஆண்கள் வார்டில் இருக்கிறார். முழங்காலுக்குக் கீழே இரண்டையும் எடுத்துவிட்டார்கள். மயக்கம் தெளிந்ததும் அவர் சப் இன்ஸ்பெக்டரிடம், அவ பிரேக்க மிதிக்கவே இல்ல சார், அவளுக்கு ஒரு சாண்ல நிறுத்தத் தெரியும் சார் என்று சொல்லியிருக்கிறார். டீக்கடைக்காரரிடம் கேட்டார்களாம். பிரேக் ஃபெயிலியர் சார் என்றாராம். லாரிக்காரர்களும் அதையேதான் சொன்னார்களாம். என்னிடமும் கேட்டார். நான் எழுதியதையே சொன்னேன்.

மோட்டார் வாகன ஆய்வாளர் நாளை வந்து காரைப் பார்ப்பாராம். கார் இன்னும் டீக்கடை ஓரத்திலேயே நிற்கிறது. இசக்கிராஜ் வந்து, உடையாத கையை நீட்டி, ஸ்பேனர் எங்க வச்சிருக்கீங்கம்மா என்று கேட்டார். அடுப்புக்குக் கீழே என்றேன். எதற்கு என்று கேட்கவில்லை.

ஜூலை 16

பிரேக் ஆயில் குழாயின் மூட்டு கழன்று, ஒரு சொட்டு ஆயில்கூட இல்லையாம். ஆய்வாளர் எழுதிக் கொடுத்துவிட்டார்.

முந்தாநாள் காலையில் நான் பிரேக்கைப் பற்றி என்னவோ கிறுக்கியிருக்கிறேன். நான் என்ன மெக்கானிக்கா?

ஜூலை 17

அமலி தலை வாரிவிட்டாள். ரெஜினா என் கட்டிலுக்குக் கீழேயே படுத்துக்கிடக்கிறாள். சாப்பிடச் சொன்னால் சாப்பிடுகிறாள், பேசச் சொன்னால் பேசுவதில்லை.

ஜூலை 21

ஆண்கள் வார்டைத் தாண்டித்தான் எக்ஸ்ரேக்குப் போக வேண்டும். சேவியர் என்னைப் பார்த்தார். கையை ஓங்கினார், படுத்தபடியே. பழக்கம். நான் நின்று அந்தக் கை தானாக இறங்கும் வரை பார்த்துவிட்டுப் போனேன். எனக்கு இரக்கம் வரவில்லை. வரும் என்று நினைத்திருந்தேன்.

செப்டம்பர் 3, தருமபுரி

போலீஸார் காரை விட்டுவிட்டார்கள். சேவியரை அவருடைய அக்கா வந்து தூத்துக்குடிக்குக் கூட்டிப்போனார். என்னையும் வரச் சொன்னார். கால் இல்லாதவரைக் கவனிக்க வேண்டாமா என்றார். அவருக்கு இன்னும் இரண்டு கை இருக்கிறது மைனி என்றேன்.

நாமக்கல்லில் பொருட்காட்சி. பலகை லாரி போய்விட்டது. சேலத்துப் போஸ்டர்களைப் பின்பக்கம் மேலே தெரிய அடுப்பு மேடையில் ஒட்டிவிட்டேன், நல்ல கனமான தாள். இசக்கிராஜுக்குக் கை கூடிவிட்டது, இனி அவர்தான் பேருந்து ஓட்டுவார். புது பிரேக் குழாய் போட்டாயிற்று, ஹாரன் ஒயரை நானே மாட்டினேன். நரம்பை அவிழ்த்துவிட்டுப் பின்னில் மாமனார் கட்டியது போலக் கெட்டியான கயிறு கட்டினோம்.

கிளம்புகிற நேரத்தில் ரெஜினாவைக் காணோம். பேருந்துக்குள் இல்லை. போய்ப் பார்த்தால் பின்வண்டியில் உட்கார்ந்திருக்கிறாள், ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, முகத்தை நேரே வைத்துக்கொண்டு.

உன்னை யார் அங்கே உட்காரச் சொன்னது, இன்றைக்கு இசக்கிராஜின் மருமகன் உட்காருவதாகப் பேச்சு என்றேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

“தப்பு செஞ்சவங்கதான மைனி இதுல வரணும்” என்றாள்.

ஐம்பது நாளாக அவள் பேசியதிலேயே நீளமான பேச்சு அதுதான். வெயில் கொளுத்தியது, இசக்கிராஜ் இஞ்சினைப் போட்டுவிட்டார், புகை எங்கள் இரண்டு பேர் முகத்திலும் அடித்தது. நான் அந்தப் பக்கம் சுற்றிப் போய்க் கதவைத் திறந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“நீங்க எதுக்கு?” என்றாள்.

“பிரேக்கப் பாத்தது நாந்தான? அது பிடிக்கலன்னா என் தப்புதான்” என்றேன்.

அவள் நெற்றியை ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டாள். பிறகு அழுதாள், நன்றாகச் சத்தம் போட்டு. நான் கயிற்றின் நுனியை எடுத்து எங்கள் இருவர் மடிக்கும் நடுவில் போட்டுக்கொண்டேன். பேருந்து நகர்ந்தது. இசக்கிராஜ் இரண்டு முறை ஹாரன் அடித்தார். ரெஜினா முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு ஒரு முறை பதில் அடித்தாள்.